கலப்பெயர்களும் கலங்களை அடையாளங்காணும் முறையும்

கடலிலும் ஆற்றிலும் இயங்கும் ஊர்திகளைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பலவாம். கலம், வங்கம், நாவாய், அம்பி, திமில், பஃறி, தோணி என்பன அவற்றுட் சில. நிகண்டு நூல்கள் இவற்றை ஒருபொருட் பன்மொழிகளாகத் தொகுத்துரைக்கின்றன. உரைகளிலும் பலவிடத்து ‘மரக்கலம்’ என்னும் ஒரு சொல்லே பொருளாகக் கூறப்பெறுகின்றது. செய்யுள் வழக்கை நோக்குமிடத்து இவை அனைத்தும் ஒரு பொருளன அல்ல என்பது புலனாகும். அதனை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

ஒரு கலத்தைச் சுட்டி அறியும் நெறி நால்வகைத்து. வகைப்பெயர், உருவக்குறி, இயற்பெயர், எண் என்பன அவை.

முதலாவது வகைப்பெயர். ‘கலம்’ என்பது பொதுச்சொல். உண்கலத்தையும் அணிகலத்தையும் அது குறிக்கும். பொன்னொடு வந்து மிளகொடு மீளும் யவனர் ஊர்தியை அகநானூற்று 149-ஆம் பாட்டு இப்பொதுச்சொல்லாலேயே சுட்டுகின்றது. புறநானூற்று 66-ஆம் பாட்டில் பெருங்கடலிற் செலுத்தப்பெறுவது ‘நாவாய்’. அகநானூற்று 255-ஆம் பாட்டில் நீகான் மாடத்து விளக்கொளி நோக்கிச் செலுத்துவது ‘வங்கம்’. இவ்விரண்டும் பெருங்கடற் கலங்களே. நெய்தற் பாடல்களிற் பரதவர் மீன் வேட்டைக்குக் கொண்டு செல்வது ‘திமில்’. உப்பு விற்று அதற்கு ஈடாகப் பெற்ற நெல்லை ஏற்றி வந்ததைப் பட்டினப்பாலை ‘பஃறி’ என்கின்றது. தொழிலும் இயங்கும் நீர்நிலையும் வேறுபடப் பெயரும் வேறுபடுதல் காண்க. கி.பி. முதல் நூற்றாண்டினதாகிய பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க நூலும் கீழைக்கரைக் கலங்களைப் பிரித்தே கூறுகின்றது. பெருமரங்களைப் பிணைத்து அமைத்தவற்றைச் ‘சங்கர’ எனவும், கங்கைக்கும் பொன்னாட்டிற்கும் செல்லும் பெருங்கலங்களைக் ‘கொலந்தியா’ எனவும் அந்நூல் வழங்குகின்றது.

இரண்டாவது உருவக்குறி. வையைத் துறையில் நின்ற ஓடங்களைச் சிலப்பதிகாரம் பரிமுக அம்பி, கரிமுக அம்பி, அரிமுக அம்பி எனப் பகுக்கின்றது. அம்பி என்பது வகை. குதிரை, யானை, அரிமா ஆகியவற்றின் முகவடிவங்கள் அவ்வகைக்குள் ஒன்றை மற்றொன்றினின்று பிரித்தறிய உதவும் குறிகள். இவை அனைத்திற்கும் ‘ஓடம்’ என்றே பொருள் உரைப்பின் இப்பகுப்பு மறைந்தொழியும்.

மூன்றாவது இயற்பெயர். ஒரு தனிக்கலத்திற்கே உரியது இது. 1906-இல் வ. உ. சிதம்பரனார் முயற்சியால் தோன்றிய சுதேசிக் கப்பற் குழுமம் வாங்கிய கப்பல்கள் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் பெயருடையன. ‘காலியா’ என்பது இன்றைய பிரான்சு நாட்டுப் பகுதிக்கு உரோமர் வழங்கிய பழம்பெயர். உடையவர் தமிழரும் நோக்கம் சுதேசியமும் ஆயினும் பெயர் அயல்நாட்டினது. ஆகலின் இயற்பெயர் ஒன்றையே கொண்டு உடையவரைத் துணிதல் பொருந்தாது. மேலும், உடையவர் மாறுங்கால் கப்பலின் பெயரும் மாறுதல் உண்டு. ஒரே பெயரைப் பல கப்பல்கள் தாங்குதலும் உண்டு.

இக்குறையை நீக்க எழுந்ததே நான்காவதாகிய எண். பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 1987-இல் இம்முறையை ஏற்றது. குறித்த அளவிற்கு மேற்பட்ட கப்பல்களுக்கு 1996 முதல் இது கட்டாயமாயிற்று. எண் ஏழு இலக்கம் உடையது. முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றாற் பெருக்கிக் கூட்ட வரும் தொகையின் ஈற்றிலக்கமே ஏழாம் இலக்கமாகும். சான்றாக, 9074729 என்பதில் அத்தொகை 139; ஈறு 9. பெயரும் கொடியும் மாறினும் இவ்வெண் மாறாது.

எண்ணால் தனிக்கலத்தை அறியலாம்; பழங்கலத்தின் தொழிலையும் அமைப்பையும் அறிய நமக்குள்ள சான்று வகைப்பெயரே. அதனை ‘மரக்கலம்’ என ஒன்றாக்கிவிடின், தமிழர் கடல் வாணிக வரலாற்றிற்குரிய அகச்சான்று ஒன்றை நாமே இழந்தவராவோம். பதிப்பாசிரியரும் அகராதி தொகுப்போரும் ஒவ்வொரு சொல்லையும் அது பயிலும் இடத்தொடு வைத்துப் பொருள் வரைதல் வேண்டும்.