கையில் போன்... பையில் காசு?

கல்யாண வீட்டில் பந்தி முடிந்து, வெற்றிலையை மென்றபடி அரட்டைக்கு உட்காருவீர்களே, அப்போது உங்களுக்கு அடியில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டை பட்டையாக ஒன்று விரித்திருக்குமே... அதன் சொந்த ஊர் பவானி! காவிரியும் பவானி ஆறும் சேருகிற கூடுதுறை. (மூன்றாவதாக அமுத நதியும் சேர்கிறது என்பார்கள். கண்ணுக்குத் தெரியாது. நம் இன்கிரிமெண்ட் மாதிரி!)

அந்த ஜமக்காளத்தில் உட்கார்ந்தபடியே ஒரு கேள்வியை அலசலாம். போனும் இன்டர்நெட்டும் வந்துவிட்டால் ஏழை பாழைகள் பிழைத்துக்கொள்வார்களா?

'பேஷாக!' என்கிறவர்கள் உடனே காட்டுவது கேரளத்து மத்தி மீனை. 1997-க்கும் 2001-க்கும் நடுவே வட கேரளக் கடற்கரைக்கு செல்போன் வந்து சேர்ந்தது. அதற்கு முன் ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கடலிலேயே கொட்டுவார்கள். சில மைல் தள்ளி இன்னொரு கரையில் மீன் கிடைக்காமல் ஜனங்கள் வெறுங்கூடையோடு திரும்புவார்கள். போன் வந்ததும் படகிலிருந்தே, "அங்கே என்ன விலை?" என்று கேட்டுவிட்டு, நல்ல விலை கிடைக்கிற கரைக்குப் படகைத் திருப்பினார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார நிபுணர் இதைக் கணக்குப் போட்டு 2007-ல் வெளியிட்டார். மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. மீன் விலை 4 சதவீதம் குறைந்தது. கடலில் கொட்டுவது நின்றே போனது. விற்றவருக்கும் லாபம், வாங்கியவருக்கும் லாபம்!

அவ்வளவு தூரம் போவானேன்? பவானிக்குப் பக்கத்திலேயே ஈரோடு மஞ்சள் மார்க்கெட். குவிண்டால் என்ன விலை என்பது விவசாயியின் போனுக்கே வந்துவிடுகிறது. விலை பிடிக்கவில்லையா? "இன்னும் பத்து நாள் போகட்டுமுங்க" என்று மூட்டையைக் குடோனிலேயே விட்டுவிடலாம். (அவசரக் கடன் கழுத்தை நெரிக்காமல் இருந்தால்!)

சரி, இப்போது ஜமக்காளத் தறிக்கு வாருங்கள். குழித்தறியில் காலை விட்டு உட்கார்ந்திருக்கிற ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தால் அது அநேகமாக இப்படித்தான் போகும்.

"ஏனுங்க, போன் வெச்சிருக்கீங்களா?"

"இருக்குதுங்க."

"அப்ப வெளியூர்ல என்ன விலைக்கு விக்குதுன்னு தெரியுமே?"

"தெரிஞ்சு என்னங்க பண்றது? நூலு முதலாளிதுங்க. நெஞ்ச ஜமக்காளமும் அவருதுங்க. நமக்குக் கூலிதானுங்க!"

விஷயம் இங்கேதான் இருக்கிறது. மீன் மீனவருடையது. மஞ்சள் விவசாயியுடையது. அதனால் விலை தெரிந்ததும் அது காசாக மாறியது. கூலிக்கு நெய்பவருக்கோ விற்பதற்குச் சொந்தச் சரக்கே கிடையாது. அவர் கையில் போன் இருந்தால் சினிமா பார்க்கலாம், சீரியல் பார்க்கலாம். கூலி ஏறாது!

இதற்கு மேல் இன்னொரு தலைவலி. ஜமக்காளத்தைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும் என்று 1985-ம் வருடத்துச் சட்டம் ஒதுக்கீடு செய்திருக்கிறது. 2005-06-ல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் போன் திரையில் பவானி ஜமக்காளத்தைத் தேடிப் பாருங்கள். படத்தில் கைத்தறியும் விசைத்தறியும் அண்ணன் தம்பி மாதிரித்தான் தெரியும். தடவிப் பார்த்தால் விரல் சொல்லும், போன் சொல்லாது. விலையை மட்டும் பளிச்சென்று காட்டும். மலிவானது ஜெயிக்கும். ஆக, நெசவாளருக்குக் கடை விரித்துக் கொடுக்கிற அதே இன்டர்நெட், போலிக்கும் பக்கத்திலேயே கடை போட்டுக் கொடுக்கிறது!

அப்படியானால் போனே வேண்டாமா? அப்படியில்லை. சரக்கு யாருடையதோ, அவருக்குத்தான் போன் வேலை செய்யும் என்பதுதான் பாடம். நெசவாளர் கூட்டுறவு சங்கம் பலமாக இருந்தால் சரக்கு சங்கத்துடையது. சங்கமோ உறுப்பினர்களுடையது. 1935-ல் பிறந்த கோ-ஆப்டெக்ஸ் தாத்தாவே இன்று இன்டர்நெட்டில் ஜவுளி விற்கிறார்! நூல் வாங்கச் சுலபமாகக் கடன் கிடைத்து, நெய்கிறவரே தன் தறியைப் படம் பிடித்துப் போட்டு நேராக விற்க முடிந்தால், அப்போது அந்தப் போன் நிஜமாகவே பொருளாதார முன்னேற்றம். டவர் நட்டால் மட்டும் போதாது. தறிக்காரரிடம் கொஞ்சம் முதலும் இருக்க வேண்டும்.

நம் பங்குக்கு நாமும் ஒன்று செய்யலாம். ஆபீஸ் லஞ்ச் டயத்தில் கட்டை விரலால் ஆர்டர் போடுகிற தம்பிமாரே! அடுத்த தடவை ஜமக்காளம் வாங்கும்போது இரண்டே கேள்வி கேளுங்கள். "கைத்தறி முத்திரை இருக்கிறதா? எந்தச் சங்கம் நெய்தது?"

பதில் வராவிட்டால் பட்டனை அமுக்காதீர்கள். நேரே பவானிக்கு பஸ் ஏறுங்கள். கூடுதுறையில் ஒரு முழுக்குப் போட்ட மாதிரியும் ஆச்சு!