விருந்தினர் அறையும் தறிக்குழியும்

கூரத்திற்குச் செல்வோர் அவ்வூர்ப் பெரியவர்களிடம் ஒரு கதையைக் கேளாமல் திரும்புவது அரிது. அங்குப் பிறந்த கூரத்தாழ்வான் வருவோர்க்கெல்லாம் பொழுது முழுவதும் அன்னமிட்டு, இரவில் தம் மாளிகைக் கதவைச் சாத்துவாராம். அந்த ஓசை காஞ்சியிலே பெருந்தேவித் தாயாரின் செவி வரை எட்டியது என்பார்கள். அதே ஊரிற் கிடைத்த பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடும் நம் கவனத்திற்குரியது. ஏழாம் நூற்றாண்டினதாகிய அச்சாசனம், கோயில் மண்டபத்திற்குத் தண்ணீரும் நெருப்பும் அளிப்பதற்கும், அங்கே பாரதம் வாசிப்பதற்கும் நிலத்திற் பங்கு ஒதுக்கியிருக்கிறது. ஆகவே, வருபவருக்கு இடமும் நீரும் கொடுப்பது இப்பகுதியாருக்குப் புதிதன்று. வாடகைதான் புதிது. வாடகைக்கு வருபவரோடு நோயும் உள்ளே வருமோ என்னும் அச்சம் அதனினும் புதிது.

2019 ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி தொடங்கி ஆகஸ்டு நடு வரையில், 1979 க்குப் பின் முதல் முறையாக அத்திவரதர் காட்சி தந்தருளியதை உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் வந்ததாகக் கணக்கிடப்பட்டது. விடுதிகளும் சத்திரங்களும் நிரம்பியபின், நெசவாளர் வீடுகளிலும் உழவர் வீடுகளிலும் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்து நாலு காசு பார்த்தவர் பலர். அதில் தவறொன்றுமில்லை. தறியை மட்டும் நம்பிய வீட்டிற்கு அது ஒரு துணை வருவாய். ஆனால் அடுத்த மார்ச் மாதம் 25 ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. திருக்கோயில்கள் மூடப்பட்டன. கலியாணங்கள் நின்றன, பட்டும் நின்றது. 2020 செப்டம்பர் முதல் தேதி கோயில்கள் திறக்கப்பட்டு யாத்திரிகர் மெல்லத் தலைகாட்டியபோது, ஒழித்து வைத்த அந்த அறையை மீண்டும் வாடகைக்கு விடலாமா, விட்டால் எவ்வாறு துப்புரவு செய்வது என்ற கேள்வி நம்மிடமே பலரால் கேட்கப்பட்டது.

நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு வீட்டின் நிலையைக் கூறுகிறோம். முன் கூடத்திற் குழித்தறி. அதற்கு உட்புறம் வாடகை அறை. இரண்டுக்கும் நடுவே ஒரே கதவு. இரண்டு நாள் தங்கிய ஒரு குடும்பம் புறப்பட்டவுடன், வீட்டார் பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரிற் கலக்கி, பக்கத்துக் கொல்லையிலிருந்து பயிருக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பானை வாங்கிவந்து, அறை முழுவதும் புகைபோல் தெளித்திருக்கிறார்கள். அந்தப் புகை கதவைத் தாண்டிக் கூடத்திற்கு வந்தது. தறியிற் பாதி நெய்திருந்த சேலையில் உடல் முழுவதும் வெளிறிய புள்ளிகள். முந்தானை ஜரிகையில் கருமை. "நோய் வரக்கூடாதுன்னுதானே செஞ்சோம், அய்யா" என்றார் அந்த அம்மையார். சேலையைச் சங்கம் ஏற்க இயலவில்லை. பல நாட்களின் கூலி ஒரு காலைப் பொழுதிற் கரைந்தது. எங்கோ அச்சிட்ட துண்டுத்தாள் ஒன்றைப் பார்த்துத்தான் அவர்கள் இதைச் செய்தார்கள். அந்தத் தாளில் தறியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இதன் காரணம் சாயப்பட்டறையைக் கண்டவர்களுக்கு எளிதில் விளங்கும். பட்டு என்பது புழு கொடுக்கும் புரத இழை. குளோரின் அதை மஞ்சளாக்கி, வலுவை அழித்து, சாயத்தையும் வெளுக்கச் செய்யும். பருத்திக்குப் பயன்படும் வெளுப்பு பட்டுக்கு ஆகாதென்பது இதனாலேதான். ஜரிகையிலுள்ள வெள்ளியும் குளோரின் பட்டாற் கறுக்கும். பயிர்த் தெளிப்பானை வீட்டினுள் கொண்டுவருவதோ இரட்டைத் தவறு. அதன் குழாயில் ஒட்டியிருக்கும் பூச்சிமருந்து விருந்தினர் படுக்கையிலும் குழந்தைகள் தவழும் தரையிலும் படியும். உழவர் உறுப்பினர்கள் இரக்கப்பட்டுத் தெளிப்பானை இரவல் கொடுக்கும்போது இதனை நினைவிற் கொள்ள வேண்டும். இவ்வாறு தெளிப்பதால் அழுக்கின் அடியிலுள்ள கிருமி சாவதில்லை என்றும், மனிதர்மேல் மருந்து தெளிப்பது எந்நிலையிலும் தகாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்திலேயே எச்சரித்திருந்தது.

அப்படியாயின் எதைக் கொண்டு துப்புரவு செய்வது? முதலிற் சோப்பும் தண்ணீரும். நூலைச் சோப்பு நீரில் வேகவைத்துப் பசை நீக்குகிறோம் அல்லவா? கொரோனாக் கிருமியைச் சுற்றி ஒரு கொழுப்புறை இருக்கிறது. சோப்பு அதனையும் அவ்வாறே கலைத்துவிடுகிறது. உறை போனபின் கிருமிக்கு உயிர்ப்பில்லை. கதவுப்பிடி, மின்விசை, குழாய்த் திருகு, கட்டிலின் கைப்பிடி ஆகிய பலர் தொடும் இடங்களைச் சோப்புத் துணியால் துடைத்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். கழிப்பிடத்திற்கு மட்டும் ஒரு சதவீதக் குளோரின் கரைசலை வைத்துக்கொள்ளலாம். 2020 ஜூனில் மத்திய சுகாதார அமைச்சகம் விடுதிகளுக்கு வகுத்த நெறியும் இந்த அளவையே கூறிற்று. கடையிற் கிடைக்கும் பிளீச்சிங் பவுடரிற் குளோரின் 30 சதவீதமானால், ஒரு லிட்டருக்குச் சுமார் 33 கிராம் போதும். அன்றன்று கலக்க வேண்டும். கலக்கி வைத்தது நாளுக்கு நாள் வீரியம் குறையும். வெறுந்தரையில் ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, நிறையத் தண்ணீரால் கழுவுதல் வேண்டும். கழிப்பறைக்கான அமிலத்தோடு அதனைச் சேர்த்தால் நச்சுவாயு எழும், உயிருக்கே ஆபத்து. கரைசற் பாத்திரம் கொல்லைப்புறத்திலேயே இருக்கட்டும். தறியிருக்கும் கூடத்தின் வழியாக அதைத் தூக்கிச் செல்லவே கூடாது.

இனி, பலர் எண்ணாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நோய் தொடங்கிய காலத்தில் உலகமே பொருள்களைக் கண்டு அஞ்சிற்று. 2020 மார்ச்சில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், பிளாஸ்டிக்கிலும் துருப்பிடிக்காத எஃகிலும் இக்கிருமி 72 மணி நேரம் வரை இருக்கக்கூடும் என்று கண்டு வெளியிட்டனர். உடனே எங்கும் துடைப்பும் தெளிப்பும் பெருகின. ஆனால் 2021 ஏப்ரலில் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம், தொட்ட பொருளின் வழியே நோய் பற்றும் வாய்ப்புப் பொதுவாகப் பதினாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அறிவித்தது. நோய் பெரும்பாலும் பரவியது மூடிய அறையின் காற்றினால். பேசும்போதும் இருமும்போதும் வெளிப்படும் நுண்துளிகள் அடைத்த அறையில் நெடுநேரம் மிதந்து நிற்கின்றன. ஆகவே கந்தலும் வாளியும் எவ்வளவு உழைத்தாலும், சன்னல் மூடியிருந்தால் அவ்வுழைப்பிற் பெரும்பங்கு வீண்.

இங்கேதான் நெசவாளர் வீட்டிற்கு மெய்யான இடர்ப்பாடு. வறண்ட காற்றுப் பட்டாற் பாவு இழை அறும். தூசி படிந்தாற் சேலை மங்கும். அதனால் தறிக்கூடத்தின் சன்னல்களைச் சாத்தியே வைப்பது நம் வழக்கம். சுகாதார நூலோ திற என்கிறது. இருவர் சொல்லும் நியாயமே. நாம் பார்த்த வீடுகளில் இதற்குச் சிறந்த வழி கண்டவர்கள், வாடகை அறைக்குக் கொல்லைப் பக்கம் வாசல் திறந்து, கூடத்துக் கதவை நிரந்தரமாகச் சாத்திவிட்டவர்களே. விருந்தினர் தறியைத் தாண்டிப் போவதில்லை, காற்றும் தாண்டுவதில்லை. கொல்லை வாசலுக்கு வழியில்லாத வீட்டார், யாத்திரிகர் தங்கும் நாட்களில் தறியின்மேல் பழைய வேட்டியைப் போர்த்திவிட்டு, அறையின் சன்னலை மட்டும் நன்கு திறக்கலாம். அதுவும் இயலாத வீட்டில் கொள்ளைநோய்க் காலத்தில் அறை வாடகைக்கு விடாதிருத்தலே நலம் என்பது நம் கருத்து. சிலருக்கு இது கசக்கும்.

ஒரு விருந்தினர் சென்று மற்றவர் வருமுன் இடைவெளி விட வேண்டும் என்பதும் இதைச் சார்ந்ததே. வீடுகளை வாடகைக்கு ஏற்பாடு செய்யும் ஏர்பிஎன்பி நிறுவனம் 2020 ஏப்ரலில், துப்புரவு செய்வதற்கு முன் 24 மணி நேரம் காத்திருக்கும்படி தன் வீட்டுக்காரர்களுக்கு ஒரு நெறியை வகுத்தது. அதனைப் பின்பற்ற இயலாதவர்கள் 72 மணி நேரம் அறையைக் காலியாக விட வழி செய்தது. வெயிலும் காற்றும் தாராளமாக உள்ள நம் ஊரில் ஒரு நாள் இடைவெளி எளிதே. காலையில் விருந்தினர் சென்றதும் சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுவது. மறுநாள் முகக்கவசத்தோடு சென்று பெருக்கித் துடைப்பது. கோரைப்பாய், தலையணை, மெத்தை ஆகியவற்றை வெயிலில் போடுவது. விரிப்புகளை உதறாமல் சுருட்டியெடுத்துச் சோப்பு நீரில் ஊறவைப்பது. உதறினால் தூசி முழுவதும் உதறுபவர் மூக்கிற்கே செல்லும்.

உதறுபவர் யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் கூலிக்கு வரும் மூதாட்டியுமே. கையுறை, முகக்கவசம், சோப்பு ஆகியவற்றின் செலவை வாடகைக் கணக்கிற் சேர்க்காமல் அவர்கள் தலையிற் கட்டுவதை நாம் பல இடங்களிற் கண்டோம். கணக்கு எழுதிப் பழகிய சங்கத்தினர் இதை எழுதாமல் விடுவது விந்தையே.

சட்டமும் இதைப்பற்றிப் பேசுகிறது. 1939 ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், யாத்திரிகர் தங்கும் விடுதிகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனித்தனி விதிகளை வகுத்தது. காலராவை மனத்திற் கொண்டு எழுதப்பட்டது அது. கொரோனாக் காலத்திலும் அதே சட்டம் பயன்பட்டது. 2020 செப்டம்பரில் அது திருத்தப்பட்டு, முகக்கவசம் அணியாதோர்க்கும் பொது இடத்தில் எச்சில் துப்புவோர்க்கும் அபராதம் விதிக்கப்பட்டது.

2023 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம் அவசர நிலையை நீக்கியது. யாத்திரிகர் வருகின்றனர், அறைகளும் நிரம்புகின்றன. மேற்கூறிய கூரத்து வீட்டில் அந்தக் கதவு இப்போது மூடிக் கிடக்கிறது. கொல்லையில் மாட்டுக் கொட்டகைக்கு அருகே ஒரு சிறு வாசல் வைத்திருக்கிறார்கள். காலியாக விடும் அந்த ஒரு நாள் வாடகையை யார் தருவது என்று அம்மையார் நம்மைக் கேட்டார். வருபவரிடமே சேர்த்து வாங்குங்கள் என்றோம். "வாங்கினா அடுத்த வீட்டுக்குப் போயிடுவாங்களே" என்றார். அடுத்த வீட்டுக்காரரும் சங்க உறுப்பினரே. இரு வீட்டாரும் ஒரே வாடகையும் ஒரே இடைவெளியும் வைத்துக்கொள்ளலாமே என்றோம். அடுத்த பொதுக்குழுவில் அதனைப் பேசுவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.