சொல்லத் தயங்கும் நோய்

“அடிவயிறு நோகுது, வெள்ளை படுது. இதை ஆரிட்டச் சொல்லுறது?” கூட்டம் கலைந்த பின்னரே பெண்கள் என்னிடம் இப்படிக் கேட்பார்கள்.

இதற்குக் காரணங்கள் பல. கிளமிடியா என்னும் பற்றீரியாத் தொற்றும் அவற்றுள் ஒன்று. இது உடலுறவு மூலம் பரவுவது. கிணறு, மலசலகூடம், உடுப்பு ஆகியவற்றால் பரவாது. பெரும்பாலான பெண்களுக்கு அறிகுறியே தெரியாது. சிலருக்குச் சிறுநீர் கழிக்கையில் எரிவு, மாதவிடாய் இல்லாத நாட்களில் இரத்தக்கசிவு ஏற்படலாம். கவனியாது விட்டால் கருக்குழாய்கள் பழுதடைந்து பிள்ளைப்பேறு தடைப்படலாம். கரு குழாயிலேயே தங்கி உயிராபத்தும் நேரலாம். பிரசவத்தின்போது குழந்தையின் கண்களிலும் தொற்றலாம்.

மாதக்கணக்கில், வருடக்கணக்கிலும் இது மறைந்திருக்கும். ஆகவே எப்போது தொற்றியது என்பதைப் பரிசோதனை சொல்லாது. ஆனால் முதலில் வைத்தியரிடம் போனவள் மனைவி என்பதற்காகவே, பழியையும் அவள் தலையில் போடும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். நோயை வைத்து நடத்தையை அளப்பது அநியாயம்.

சிறுநீர்ப் பரிசோதனையிலும் இதைக் கண்டறியலாம். வழமையாக 7 நாள் மாத்திரைகளில் குணமாகும். கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்து உண்டு. சுகம் தெரிந்ததும் இடையில் நிறுத்தக்கூடாது. கணவரும் சிகிச்சை பெறாவிட்டால் மீண்டும் தொற்றும். இருவருக்கும் சிகிச்சை முடியும்வரை உடலுறவைத் தவிர்க்க வேண்டும்.

அரசாங்கப் பாலியல்நோய் சிகிச்சை நிலையங்களில் சேவை இலவசம். வைத்தியரின் கடிதம் தேவையில்லை. உங்கள் விபரங்கள் இரகசியமாகப் பேணப்படும். வழி தெரியாவிட்டால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கள். சகோதரிகளே, வெட்கம் நோயைக் குணப்படுத்தாது, மருந்து குணப்படுத்தும்.