மலையக ஆவணக் காப்பும் வட்டுக் கட்டுப்பாட்டு அட்டையும்

ஆவணம் இல்லாதார் அடையும் இடர் எத்தகையது என்பதற்கு மலையகத் தமிழர் வரலாறே சான்றாகும். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தையோ தந்தைவழி முன்னோரோ இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று வேண்டிற்று. 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், தொடர்ந்து வதிந்தமைக்குச் சான்று வேண்டிற்று. தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தும், அதனை நிறுவும் தாள் கையில் இல்லாமையாற் பலர் நாடற்றோராயினர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராக வகுத்தது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டமொன்று 2003 ஆம் ஆண்டிலும் வேண்டப்பட்டது.

ஆகவே தோட்டத்துச் செக்ரோல், பிறப்புப் பதிவின் படி, தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரம், 1920களில் கோ. நடேசய்யர் நடத்திய 'தேசபக்தன்' போன்ற இதழ்கள் ஆகியன வெறும் பழந்தாள்கள் அல்ல. நுவரெலியாவின் மூடுபனியும் ஈரமும் தாளுக்குப் பகையாதலின், அவற்றை ஒளிவருடிக் கணினியில் ஏற்றுதல் இன்றியமையாததாயிற்று. 2005 ஆம் ஆண்டு தொடங்கிய 'நூலகம்' இணையத்தளம் ஈழத்து நூல்கள் பலவற்றைப் பேணி வருகின்றது. எனினும் அட்டனிலோ தலவாக்கலையிலோ ஒரு பாடசாலை, ஒரு சங்கம், ஓர் இல்லம் தன்னிடமுள்ளதைத் தானே பேண விரும்புதலும் உண்டு. இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஏ4 அளவுப் பக்கமொன்றை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் வண்ணத்திற் பதித்துச் சுருக்காது வைப்பின் ஏறத்தாழ 26 மெகாபைட் ஆகும். ஓர் இலட்சம் பக்கமும் 2.6 டெராபைட்டில் அடங்கும். லினக்ஸ் அல்லது பிரீ பி.எஸ்.டி. போன்ற யூனிக்ஸ் வகை இயங்குதளம் ஏற்றிய, வீட்டிலேயே பொருத்திய கணினியொன்று போதுமானது. அதன் வட்டுகளை எவ்வகைக் கட்டுப்பாட்டு அட்டையின் கீழ் வைப்பது என்பதே ஆராயத்தக்கது.

பல வட்டுகளை ஒன்றாகப் பிணைத்து, ஒன்று பழுதுறினும் தரவு அழியாதிருக்கச் செய்யும் முறைக்கு 'றெயிட்' என்று பெயர். 1988 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட கட்டுரை இப்பெயரை நிலைநாட்டிற்று. இதில் இரு வழிகள் தலையாயவை. ஒன்று ஆடிமுறை: ஒரே தரவு இரு வட்டுகளிலும் எழுதப்படும். மற்றையது கணக்குமுறை: தரவு சில வட்டுகளிற் பிரித்து எழுதப்பட்டு, அவற்றின் சரிபார்ப்பு எண்ணும் உடன் எழுதப்படும். உண்மையில் நிகழ்வது இருமக் கணக்கே; எனினும் விளங்கிக்கொள்ளற்பொருட்டுக் கூட்டலாகக் கொள்க. முதல் வட்டில் 7, இரண்டாவதில் 5, மூன்றாவதில் கூட்டுத்தொகை 12. இரண்டாம் வட்டு அழியின், 12 இலிருந்து 7 ஐக் கழித்து 5 ஐ மீளப் பெறலாம்.

இனி, முதல் வட்டின் 7 ஐ 9 ஆக மாற்றியதும், 12 ஐ 14 ஆக மாற்றுமுன் மின் நின்றுவிடின் யாதாகும்? பின்னொருநாள் இரண்டாம் வட்டு பழுதுறும்பொழுது, 12 இலிருந்து 9 கழிய 3 கிடைக்கும். எவரும் தொடாத 5, 3 ஆகிவிடும். பிறந்த ஆண்டு ஒன்றில் இவ்வாறு ஓர் இலக்கம் மாறின் நேரும் கேடு சொல்லவேண்டுவதன்று. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவிய நாட்டில், பருவக்காற்றுகளின் இடைக்காலத்தில் இடியும் மின்னலும் மிகும் மலைப்புறத்தில், இஃது ஏட்டுச் சுரைக்காய் அன்று.

இக்கேட்டைத் தடுக்கவே உயர்தர வன்பொருள் அட்டைகள் தமக்கெனச் செயலியும், பற்றரி காக்கும் நினைவகமும் கொண்டுள்ளன. மின் நின்றாலும் எழுதவேண்டியதை நினைவில் வைத்து, மின் மீண்டதும் எழுதி முடிப்பன. புதியன சில, மின்தேக்கியின் உதவியால் அதனைப் பிளாஷ் நினைவகத்தில் இறக்கிவைக்கும். இக்காப்பு இல்லாத மலிவான அட்டையை வாங்குதல், கூரையின்றிச் சுவர் மட்டும் எழுப்புதல் போல்வதாம். பற்றரியும் சில ஆண்டுகளில் தளரும். அதனை மாற்றுதலும் செலவிற் சேரும்.

எனினும் இத்தகைய அட்டைக்கு ஒரு பெருங்குறை உண்டு. வட்டுகளிற் தரவு அடுக்கப்பட்ட முறை அவ்வட்டைக்கே உரியது. அட்டை பழுதுறின், வட்டுகள் யாவும் நலமாயிருந்தும், அதே இனத்து அட்டை கிடைக்கும்வரை உள்ளிருப்பதைப் படித்தல் அரிதாகும். உற்பத்தியாளரும் நிலையானவர் அல்லர். திரீவெயார் 2009 இல் எல்.எஸ்.ஐ. வசமாயிற்று, எல்.எஸ்.ஐ. 2014 இல் அவாகோ வசமாயிற்று. அவாகோ 2016 இல் புரோட்கொம்மை வாங்கி அப்பெயரையே சூடிக்கொண்டது. பத்தாண்டு பழகிய அட்டைக்கு மாற்று அட்டனிற் கிடைக்கும் என எதிர்பார்த்தல் ஆகாது.

ஆதலின் இச்சிறு பணிக்கு ஏற்றது, கணக்கு எதுவும் செய்யாது வட்டுகளை இயங்குதளத்திடம் நேரே ஒப்படைக்கும் எளிய இணைப்பு அட்டையே. இரண்டே வட்டாயின் தாய்ப்பலகையின் இணைப்பிகளே போதும். பிணைக்கும் பணியை மென்பொருள் ஏற்கட்டும். பிரீ பி.எஸ்.டி. 2008 முதல் கொண்டுள்ள இசட்.எப்.எஸ். என்னும் கோப்பு முறைமை, பழைய தரவின்மேல் எழுதாது புதிய இடத்தில் எழுதி முடித்த பின்னரே சுட்டியை மாற்றும். எனவே மின்வெட்டு இடைவந்தாலும் பழையது கெடாது. மேலும் ஒவ்வொரு தொகுதிக்கும் சரிபார்ப்புத் தொகை வைத்து, ஓசையின்றி நேர்ந்த பிழையையும் கண்டு, ஆடிப் படியிலிருந்து திருத்தும். கணினி பழுதுறின், வட்டுகளைக் கழற்றி, அம்முறைமையை ஆதரிக்கும் வேறெந்தக் கணினியிலும் பொருத்திப் படிக்கலாம். சில வன்பொருள் அட்டைகள் ஒவ்வொரு வட்டையும் தனித் தொகுதியாகப் போர்த்தியே காட்டும். அவற்றை இதன்கீழ் வைத்தல் நன்றன்று. வன்பொருள் அட்டையே வேண்டுமெனின், நினைவகக் காப்பு உள்ளதை, இயங்குதளத்தின் ஆதரவுப் பட்டியலிற் கண்டு, ஒரே வகையில் இரண்டாக வாங்கி ஒன்றைப் பெட்டியில் வைப்பதே அறிவுடைமை.

எவ்வட்டையும் தீர்க்காத இடர் ஒன்று எஞ்சுகின்றது. தவறுதலாக அழித்த கோப்பு இரு வட்டுகளிலும் ஒருங்கே அழியும். மின்னல் பெட்டி முழுவதையும் தாக்கக்கூடும். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களையே மூடியது. ஆகவே ஒரு படி மலைக்குக் கீழே, கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருத்தல் வேண்டும். அது படிக்கக்கூடியதாய் உள்ளதா என ஆண்டுதோறும் திறந்து பார்த்தலும் வேண்டும்.

விரைவும் விலையும் அட்டையைத் தெரிவதற்கு அளவுகோல்கள் அல்ல. "இது பழுதுற்ற மறுநாள், இங்குள்ள பொருள்களைக் கொண்டு தரவை மீட்க இயலுமா?" என்னும் வினாவே அளவுகோல். முன்னோர் காட்ட இயலாது தவித்த தாளைப் பின்னோர் காட்ட வல்லராதற்கு, இவ்வினாவிற்கு விடை கண்டபின் வாங்குதலே முறையாகும்.