சொல்லத் தடை செய்யப்பட்ட சொல்!

1948-ம் ஆண்டு மார்ச் மாதம் 20-ந் தேதி. இரவு மணி 10.

அமெரிக்காவில், ஓக்லஹாமா மாநிலத்தில் உள்ள டிங்கர் விமானப்படைத் தளத்தில் ராபர்ட் மில்லர் என்ற கேப்டன் வேலையில் இருந்தார். வானிலையைக் கணித்துச் சொல்வது அவர் வேலை. அந்த ஊருக்கு வந்து 3 வாரம்கூட ஆகவில்லை. அன்று இரவு பலத்த காற்று வீசும், ஆனால் இடி மழை இருக்காது என்று அவர் அறிவித்திருந்தார்.

திடீரென்று மின்னல் வெட்டியது. அந்த வெளிச்சத்தில், மேகத்துக்கும் தரைக்கும் நடுவே யானைத் துதிக்கை போல ஒன்று சுழன்று வருவது தெரிந்தது.

டார்னடோ!

சில நிமிஷங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. பெரிய பெரிய விமானங்கள் பொம்மைகளைப் போலத் தூக்கி எறியப்பட்டன. கண்ணாடிகள் நொறுங்கின. சிதறிய கண்ணாடி பட்டுச் சிலர் காயம் அடைந்தனர். சேதம் சுமார் 1 கோடி டாலர்!

மறுநாளே வாஷிங்டனில் இருந்து விசாரணை அதிகாரிகள் பறந்து வந்தார்கள். "இது தெய்வச் செயல். முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது" என்பதுதான் அவர்கள் முடிவின் சாரம். மில்லர் மீது குற்றம் இல்லை.

ஆனால் தளத்தின் தலைவரான ஜெனரல் போரம் அதோடு விடவில்லை. "முடியுமா என்று பாருங்கள்" என்று மில்லருக்கும், அவருடைய மேலதிகாரி மேஜர் பாபுஷுக்கும் உத்தரவு போட்டார். முன்பு டார்னடோ வந்த நாட்களின் வானிலைப் படங்களை இருவரும் தேடி எடுத்து, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

ஐந்தாம் நாள் அதிசயம்

மார்ச் 25-ந் தேதி காலையில் வந்த வானிலைப் படத்தைப் பார்த்ததும் இருவரும் திடுக்கிட்டார்கள். 20-ந் தேதியின் படம் போலவே அது இருந்தது!

ஒரே இடத்தை 5 நாளில் இரண்டு முறை டார்னடோ தாக்குமா? கேட்டால் சிரிப்பார்கள். "டார்னடோ வரும் என்று அறிவிக்கப் போகிறீர்களா, இல்லையா?" என்று ஜெனரல் கேட்டார். இருவரும் தயங்கினார்கள். கடைசியில், பிற்பகல் 2 மணி 50 நிமிஷத்துக்கு எச்சரிக்கை வெளியாயிற்று. விமானங்கள் கொட்டகைக்குள் தள்ளப்பட்டன. ஆட்கள் பத்திரமான இடத்துக்கு அனுப்பப்பட்டார்கள்.

மணி 5 ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து விமான நிலையத்தைக் கடந்த மேகக் கூட்டமும் பெரிதாக எதுவும் செய்யவில்லை. மில்லர் மனம் உடைந்து வீட்டுக்குப் போனார். உத்தியோகம் போனால் 'லிப்ட்' இயக்கும் வேலைக்குத்தான் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது வானொலி அலறியது: டிங்கர் தளத்தில் டார்னடோ!

மாலை 6 மணி அளவில் அது தளத்தின் நடுவே புகுந்து போயிருந்தது. இந்தத் தடவை சேதம் சுமார் 60 லட்சம் டாலர். ஓர் இடத்தைக் குறிப்பிட்டு, டார்னடோ வரும் என்று முன்னதாகச் சொல்லி அது பலித்தது சரித்திரத்தில் அதுவே முதல் தடவை.

60 ஆண்டு மவுனம்

அதுவரை ஏன் யாரும் சொல்லவில்லை?

ஜான் பின்லி என்ற ராணுவ அதிகாரி 1884-ம் ஆண்டிலேயே டார்னடோவை முன்கூட்டிச் சொல்லும் முயற்சியில் இறங்கினார். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில், வானிலை அறிக்கையில் 'டார்னடோ' என்ற சொல்லே வரக் கூடாது என்று அரசாங்கம் தடை விதித்துவிட்டது. ஜனங்கள் பீதி அடைவார்கள், அதனால் வரும் நஷ்டம் டார்னடோவால் வரும் நஷ்டத்தைவிட அதிகம் என்பது காரணம்!

1925-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி, மிசோரி, இல்லினாய், இந்தியானா ஆகிய 3 மாநிலங்களை ஒரே டார்னடோ கிழித்துக்கொண்டு போனது. அது ஓடிய தூரம் 219 மைல். இறந்தவர்கள் 695 பேர். அன்றைய வானிலை அறிக்கையில் 'டார்னடோ' என்ற சொல் இல்லை.

தடை 1938-ம் ஆண்டில் தளர்ந்தது. ஆனாலும் தயக்கம் போகவில்லை. டிங்கர் தளத்தில் நடந்ததைக் கேள்விப்பட்ட மக்கள், "ராணுவத்துக்குச் சொல்லலாம், எங்களுக்குச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டார்கள். 1950-ம் ஆண்டில், 'டார்னடோ வரலாம் என்று பொதுமக்களுக்குச் சொல்லத் தடை இல்லை' என்று வானிலை இலாகாத் தலைவர் சுற்றறிக்கை அனுப்பினார். 1952-ம் ஆண்டில் இதற்கென்றே ஒரு தனிப் பிரிவு ஏற்பட்டது. 1954-ல் அது கான்சாஸ் நகரத்துக்கும், 1997-ல் ஓக்லஹாமாவில் உள்ள நார்மன் நகருக்கும் மாறியது.

ஐந்து படிகள்

நார்மனில் இரவும் பகலும் வேலை நடக்கிறது. நாட்டின் எந்தப் பகுதியில் அபாயம் என்று காட்டும் படத்தை, அன்றைய தினத்துக்கு மட்டும் 5 தடவை வெளியிடுகிறார்கள். அபாயத்துக்கு 5 படிகள் உண்டு. முதல் படிக்குப் பச்சை. பிறகு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. ஐந்தாம் படிக்கு ஊதா கலந்த சிவப்பு.

நிபுணர்கள் எதைப் பார்த்துச் சொல்கிறார்கள்?

மெக்சிகோ வளைகுடாவில் இருந்து ஈரமான வெப்பக் காற்று தரையை ஒட்டி வடக்கே வரும். மேற்கே இருந்து வறண்ட காற்று வரும். மேலே குளிர்ந்த காற்று நிற்கும். கீழே உள்ள வெப்பக் காற்று, பூட்டை உடைத்துக்கொண்டு கிளம்புவது போல மேலே பாயும். தரையில் ஒரு திசையிலும், உயரத்தில் வேறு திசையிலும் காற்று வேகமாக வீசினால், மேகமே சுழலத் தொடங்கும். இவை எல்லாம் எங்கே, எந்த நேரத்தில் ஒன்று சேரும் என்று கண்டுபிடிப்பதுதான் அவர்கள் வேலை.

'டார்னடோவுக்கு வாய்ப்பு 30 சதவீதம்' என்று அறிவித்தால், '70 சதவீதம் வராது, ஆகவே பயம் இல்லை' என்று எண்ணக் கூடாது. ஓர் இடத்தைச் சுற்றி 25 மைலுக்குள் டார்னடோ தோன்றும் வாய்ப்பு அது. சாதாரண நாளில் அந்த வாய்ப்பு 1 சதவீதம்கூட இராது.

அபாயம் நெருங்கினால், சில மணி நேரத்துக்கு முன்பு 'உஷார்' அறிவிப்பு வரும். டார்னடோ கண்ணில் பட்டாலோ, ராடாரில் அதன் சுழற்சி தெரிந்தாலோ, அந்தந்த வட்டார அலுவலகம் 'எச்சரிக்கை' விடும். அப்போது கையில் இருப்பது பல சமயம் 10, 15 நிமிஷம்தான். ஓடி ஒளிய அது போதும். எங்கே ஒளிவது என்று யோசிக்க அது போதாது. அதனால்தான் காலையிலேயே படம் வேண்டும்.

தவறுவதும் உண்டு

1999-ம் ஆண்டு மே 3-ந் தேதி காலையில் அவர்கள் சொன்னது லேசான அபாயம். பகல் ஏற ஏற அறிகுறிகள் மாறின. அபாயத்தை ஒரு படி உயர்த்தினார்கள். பிற்பகலில், உச்சப் படிக்கே கொண்டுபோனார்கள். அன்று மாலை பயங்கர டார்னடோ ஒன்று, நார்மனுக்குப் பக்கத்து ஊரான மூர் நகரைத் தாக்கியது. காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 300 மைல்! 36 பேர் இறந்தனர்.

அதே மூர் நகரை 2013-ம் ஆண்டு மே 20-ந் தேதி பிற்பகல் மீண்டும் ஒரு டார்னடோ தாக்கியது. பள்ளிக்கூடம் விடும் நேரம் நெருங்கிக்கொண்டு இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் சுவர் இடிந்து, 7 குழந்தைகள் மாண்டனர். மொத்தம் இறந்தவர்கள் 24 பேர்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2019-ம் ஆண்டு, அதே மே 20-ந் தேதி. ஓக்லஹாமாவுக்கு உச்சப் படி அபாயம் என்று படம் சொன்னது. மூர், நார்மன், ஓக்லஹாமா நகரம் முதலிய இடங்களில் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். அன்று டார்னடோக்கள் தோன்றின, வெள்ளமும் வந்தது. ஆனால் அஞ்சிய அளவுக்கு நாசம் நேரவில்லை.

"இதற்கா இத்தனை அமர்க்களம்?" என்று கேட்டவர்களும் உண்டு.

மூடிய பள்ளிக்கூடங்களால் போனது ஒரு நாள் படிப்பு. அதை மறுவாரம் படித்துக்கொள்ளலாம். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு குழந்தைகளைப் பறிகொடுத்த பெற்றோர்களைக் கேட்டால், அந்த ஒரு நாள் எவ்வளவு பெரியது என்று சொல்வார்கள்.