சிறை வாயிலும் மருத்துவத் தொடர்ச்சியும்

பிணியாளன் ஒருவன் சிறை புகுங்கால் அவனது பிணியும் உடன் புகுகின்றது. விடுதலை பெறுங்கால் அதுவும் உடன் வெளியேறுகின்றது. மருந்து மட்டும் பல வேளைகளில் வாயிலின் உட்புறத்தே நின்றுவிடுகின்றது. எச்.ஐ.வி. தொற்றுடையோர்க்கு இதனால் விளையும் கேட்டினையும் அதனைத் தவிர்க்கும் வழியினையும் ஈண்டு ஆராய்வாம்.

இலங்கையில் இத்தொற்று முதன்முதல் 1987 ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. அதற்குரிய மருந்துகளை 2004 ஆம் ஆண்டு தொடக்கம் அரசு இலவசமாக வழங்கி வருகின்றது. இம்மருந்துகள் கிருமியை முற்றாக அழிப்பனவல்ல; அதன் பெருக்கத்தை அடக்கிவைப்பன. நாள்தோறும் தவறாது உட்கொள்வோரின் குருதியிற் கிருமி சோதனைக்குப் புலப்படாத அளவிற்குக் குறையும். அந்நிலை நீடிக்கும்வரை உடலுறவின் வழியே பிறர்க்குத் தொற்றுவதுமில்லை. மருந்து நின்றாலோ, சில கிழமைகளுள் கிருமி மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காத வடிவத்தையும் பெறக்கூடும்.

மருந்தைக் கையிற் கொடுத்தனுப்பினாற் போதாதோ எனின், போதாது. அமெரிக்காவின் டெக்சாசு மாநிலச் சிறைகளிலிருந்து 2004 முதல் 2007 வரை விடுதலையான, சிகிச்சை பெற்றுவந்த 2,115 பேரை ஆய்வாளர் கணக்கிட்டனர். அவர்களுக்குப் பத்து நாள் மருந்து வழங்கப்பட்டிருந்தது. அது தீருமுன் புதிய மருந்து பெற்றோர் நூற்றுக்கு 5.4 பேரே, அறுபது நாட்களுள் பெற்றோர் 30 பேரே.

ஊவா மாகாணத்தில் இவ்விடர்ப்பாடு வேறு முகங்களையும் கொள்ளும். சிறைச்சாலையும் பெரிய அரசினர் வைத்தியசாலையும் பதுளை நகரில் உள்ளன. ஆயின் விடுதலையாகும் தோட்டத் தொழிலாளி ஒருவன், எல்ல, பண்டாரவளை ஆகியவற்றைக் கடந்து அப்புத்தளை வரை புகைவண்டியிற் சென்று, பின் மலையேறியே தன் லயத்தை அடைதல் வேண்டும். சிகிச்சைக்கு மீண்டும் பதுளை செல்லும் நாள், சம்பளம் இழக்கும் நாளாகும். சுவரோடு சுவர் ஒட்டிய லயத்தில் இரகசியம் காத்தலும் எளிதன்று. பழிச்சொல்லுக்கு அஞ்சியே மருந்தைக் கைவிடுவோர் உளர். விளக்கமறியலில் இருப்போன் பிணை பெற்று நீதிமன்றிலிருந்தே வீடு திரும்பின், அவனுடைய மருந்து சிறையிலேயே தங்கிவிடவும் கூடும்.

2015 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற மண்டேலா விதிகளுள் 24 ஆவது விதி, சிறைக்கு வெளியே கிடைக்கும் தரத்திலேயே உள்ளேயும் மருத்துவம் அளித்தல் வேண்டும் என்றும், எச்.ஐ.வி., காசநோய் முதலியவற்றின் சிகிச்சை இடையறாது தொடர்தல் வேண்டும் என்றும் கூறுகின்றது. இதனை நிறைவேற்றும் வழிகள் அரியனவல்ல. விடுதலைக்கு முன்னரே அடுத்த சிகிச்சை நிலையத்தில் நாள் குறித்தல், அந்நாள் வரை போதிய மருந்தும் மருத்துவக் கடிதமும் அளித்தல், வழக்குக்குச் செல்லும் நாளிலும் மருந்தை உடன் அனுப்புதல், வாராதோரை அவர்தம் இசைவுடன் மறைவாகத் தேடி விசாரித்தல் என்பனவே அவை. கடிதம் தோட்ட அலுவலகத்தின் வழியே செல்லாது பிணியாளன் கையிலேயே சேர்தல் இன்றியமையாதது.

நீதிமன்று விதித்தது சிறைவாசமேயன்றி நோயன்று. தண்டனை முடிவுறும் நாளிற் சிகிச்சையும் முடிவுறுமாயின், விடுதலையே புதியதொரு தண்டனையாய் முடியும்.