பட்டாளத்துக்குப் போனவர் – 7: பாஸ்ரா சுவரில் ஓர் எண்

சென்ற வாரக் கட்டுரையைப் படித்த பலரும் கேட்டது ஒரே கேள்விதான்: "எங்கள் வீட்டிலும் முதல் உலகப் போரில் இறந்த ஒருவர் உண்டு. தேடலை எங்கே தொடங்குவது?"

பதக்கத்தின் விளிம்பில் தொடங்குங்கள். அந்தப் போருக்குப் பின் சிப்பாய்களுக்குத் தந்த இரண்டு பதக்கங்களில் ஒன்று வெள்ளி, மற்றது வெண்கலம். எங்கள் வீட்டு வெள்ளி ஒரு கல்யாணத்தின்போது கொலுசாகிவிட்டது. வெண்கலத்துக்கு விலை கிடைக்காததால் அது தப்பியது. அதன் முகப்பில் இறக்கை விரித்த ஒரு பெண்ணுருவம் இருக்கும். தேடுகிறவருக்கு வேண்டியது அதுவல்ல; விளிம்பைச் சுற்றிப் பொறித்திருக்கும் படை எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவைதான். புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள், எழுத்து தேய்ந்துபோகும். மெல்லிய துணியால் துடைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள்.

எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பதக்கம் அவர் 'மெட்ராஸ் சாப்பர்ஸ்' என்று சொன்னது. பெங்களூரில் தலைமையகம் கொண்ட படை அது. ஆற்றில் பாலம் கட்டுவது, பாதை போடுவது, பதுங்குகுழி வெட்டுவது எல்லாம் அவர்கள் வேலை.

அடுத்து காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். 1917இல் தொடங்கிய இந்த அமைப்பு, இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரை நினைவுகூர்கிறது. அதன் இணையதளத்தில் யாரும் கட்டணமில்லாமல் தேடலாம். பெயரை மட்டும் நம்பித் தேடினால் திணறிப்போவீர்கள். முனுசாமி என்ற பெயரையே ஒவ்வோர் எழுத்தரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார். படை எண்ணைக் கொண்டு தேடுங்கள். அப்படித்தான் எங்களுக்குக் கிடைத்தது: தகப்பனார் பெயர், ஊர், வடஆற்காடு ஜில்லா, 1916 ஜூன் கடைசி வாரத்தில் ஒரு நாள்.

அத்தையிடம் சொன்னபோது அவர் பிடித்துக்கொண்டது அந்த நாளைத்தான். "செத்த தேதி தெரியாமத்தாம்பா எங்கப்பா ஆடி அமாவாசைக்குப் படைச்சாரு. இனிமே திதி பாத்துப் படைக்கலாம்" என்றார். ஆவணக் காப்பகத்துக்கு அது வெறும் தேதி. எங்கள் குடும்பத்துக்கு, ஒரு நூற்றாண்டாகப் பாக்கி நின்ற கடமையின் விவரம்.

அந்தத் தேதி இன்னொன்றையும் சொல்கிறது. கொள்ளுத்தாத்தா குண்டடிபட்டு இறந்தார் என்றே வீட்டில் சொல்லி வந்தோம். ஆனால் அவர் போயிருந்த மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், 1916 ஏப்ரல் 29 அன்று கூட் நகரில் முற்றுகையில் இருந்த பிரிட்டிஷ் இந்தியப் படை துருக்கியரிடம் சரணடைந்தது. அதன் பிறகு அந்தக் கோடை முழுவதும் அங்கே பெரிய போர் எதுவும் நடக்கவில்லை. கொளுத்தும் வெயிலும் காலராவும் வயிற்றுக்கடுப்பும்தான் ஆட்களை வாரிக்கொண்டு போயின. இந்தியச் சிப்பாய்களுக்குத் தந்த ரேஷனில் பச்சைக் காய்கறி இல்லாமல், ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி பரவியது. பதிவேட்டில் சாவுக்குக் காரணம் எழுதவில்லை. இருந்தாலும், அவரைக் கொன்றது நோயாகத்தான் இருக்கும் என்று நான் நினைக்கிறேன். ஒரு முருங்கைக்கீரைக் கட்டுக்கும் எலுமிச்சைக்கும் வழியில்லாமல் அவர் செத்திருக்கக்கூடும் என்பதை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை.

இணையதளத்தில் அவர் பெயருக்கு எதிரே 'பாஸ்ரா நினைவுச் சின்னம்' என்று இருந்தது. மெசபடோமியாவில் இறந்து, கல்லறை எங்கே என்று தெரியாத 40,500க்கும் மேற்பட்டோருக்காக 1929இல் திறக்கப்பட்டது அது. அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். அந்தச் சுவரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. சுபேதார், ஜமேதார் போன்ற இந்திய அதிகாரிகளின் பெயர்களும் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்குப் பெயர் கிடையாது. பிரிவின் கீழே, இவர்களோடு மற்ற இந்தியச் சிப்பாய்கள் இத்தனை பேர் என்று ஓர் எண் மட்டும்.

பெயர்கள் கிடைக்காமல் போனதால் அப்படிச் செய்தார்கள் என்றால் மனம் ஆறும். பதிவேட்டில் தகப்பன் பெயர்வரை இருந்தது. இதே ஆணையம் 1927இல் பிரான்சின் நவ் ஷாப்பெல்லில் திறந்த நினைவுச் சின்னத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறது. ஐரோப்பியர் வந்து பார்க்கும் இடத்தில் பெயர், மற்ற இடத்தில் எண். இறந்தவர்களுக்குள் பதவியும் இனமும் மதமும் பார்ப்பதில்லை என்பதைக் கொள்கையாகச் சொன்ன அமைப்பு இது.

2021 ஏப்ரலில் ஆணையமே இதை ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் இறந்த இந்தியர், ஆப்பிரிக்கர் முதலானோரில் 45,000 முதல் 54,000 பேர்வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரோடு நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்றும் அதன் சிறப்புக் குழு அறிக்கை தந்தது. ஆணையம் மன்னிப்புக் கேட்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பாதுகாப்பு அமைச்சரும் கேட்டார். மன்னிப்பை ஏற்கிறேன். பெயரைக் கல்லில் பொறிக்க வேண்டும் என்ற கோரிக்கையை அதற்காக விட்டுவிட மாட்டேன்.

சுவரைப் போய்ப் பார்ப்பதும் எளிதல்ல. 1997இல் இராக் அரசின் உத்தரவுப்படி அதைப் பெயர்த்து, நாசிரியா செல்லும் சாலையில் சுமார் 32 கிலோமீட்டர் தள்ளிப் பாலைவனத்தில் வைத்தார்கள்.

அவரது பிரிவு அந்த ஜூனில் எங்கே இருந்தது, என்ன வேலை செய்தது என்பதை அறியப் போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவற்றைப் பார்க்கலாம். அடுத்த வாரம் அவற்றைப் புரட்டுவோம். பதக்கமே இல்லாத வீடுகளுக்கும், சமையல்காரராகவோ தண்ணீர் சுமப்பவராகவோ கோவேறு கழுதை ஓட்டியாகவோ படையோடு போனவர்களின் வீடுகளுக்கும் என்ன வழி என்பதையும் அதிலேயே எழுதுகிறேன்.